சைக்கிளில் தண்ணீரும் கருவிகளும்: முதுகுப் பையா, பாட்டில் கேஜா, சீட்டுப் பையா?

தொலைதூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள் தண்ணீரையும் பஞ்சர் சாமான்களையும் எடுத்துச் செல்ல மூன்று பொருள்கள் பரவலாக விற்கப்படுகின்றன: குழாயுடன் கூடிய தண்ணீர்ப் பை பொருத்திய முதுகுப் பை, பாட்டிலைச் செருகி வைக்கப் பிரேமில் முடுக்கும் கம்பிக் கூடான பாட்டில் கேஜ், சீட்டுக்கு அடியில் கட்டும் சிறு பை. மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு, சுமையைச் சைக்கிளே சுமக்க வேண்டும், உடம்பு சுமக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதுகுப் பையில் 2 லிட்டர் நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 2 கிலோ. அந்தப் பாரம் தோளோடு நிற்பதில்லை. குனிந்து ஓட்டும்போது உள்ளங்கைக்கும் சீட்டில் பதியும் எலும்புகளுக்கும் இறங்குகிறது. பை ஒட்டியிருக்கும் இடத்தில் வியர்வை உலர்வதற்கு வழியே இல்லை. எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியாது. உறிஞ்சும்போது வெறும் காற்று வந்த பிறகுதான் தெரியும். குழாயைக் கழுவி நன்றாக உலர்த்தாவிட்டால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை படியும். ஆயினும் கல்லும் வேரும் நிறைந்த பாதையில், ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கவே முடியாத இடத்தில், இதற்கு ஈடு வேறில்லை.

சாலையில் ஓட்டுபவர்களுக்குப் பாட்டில் கேஜையே தயங்காமல் பரிந்துரைப்பேன். பெரும்பாலான பிரேம்களில் 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள் இருக்கும். 5 மில்லிமீட்டர் போல்ட்டை ஆலன் கீ எனும் அறுகோணச் சாவியால் முடுக்கினால் வேலை முடிந்தது. 750 மில்லி பாட்டில்கள் இரண்டு வைத்தால் ஒன்றரை லிட்டர் கிடைக்கிறது, எடையும் தாழ்வாக, இரு சக்கரங்களுக்கும் நடுவே அமைகிறது. அலுமினியக் கேஜ் பாட்டிலில் கறுப்புக் கோடுகளைத் தேய்த்துவிடும். பிடி தளர்ந்து, அடிக்கடி வளைத்துச் சரிசெய்தால் ஒருநாள் ஒடிந்தும்விடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் செய்ததைக் கையாலேயே சற்று உள்பக்கம் அழுத்தினால் பிடி மீண்டும் இறுகும் என்பதால், கொஞ்சம் கனமாக இருந்தாலும் அதையே வாங்கலாம். சிறிய பிரேம் உள்ளவர்கள் பக்கவாட்டில் உருவும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் மேல் குழாயில் இடிக்கும்.

கருவிகளுக்குச் சீட்டுப் பை போதும். மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டுகள், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீகள் அடங்கிய மடக்குக் கருவி, செயின் இணைப்புக் கண்ணி ஆகியவை அதில் அடங்கிவிடும். ஆனால் இவற்றை அப்படியே திணித்துவிடக் கூடாது: ஓட்டத்தின் அதிர்வில் கருவியின் முனை டியூபில் உரசி உரசி ஓட்டை போட்டுவிடும், நடுவழியில் பஞ்சரான பிறகுதான் மாற்று டியூபும் வீண் என்பது தெரியும். டியூபைப் பழைய துணியில் சுற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, அந்தத் துணி கை துடைக்கவும் உதவும். பின்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் ஜிப் வழியே உள்ளே போய்க் கருவிகளைத் துருப்பிடிக்க வைப்பதால், மடித்து மூடும் வாய் கொண்ட பையே மேல்.

காற்றடிக்கக் கையடக்கமான பம்புதான் என் தேர்வு. பம்புக்குப் பதிலாக டயரை நிரப்பப் பயன்படும் 16 கிராம் கரியமில வாயுக் குப்பி ஒரு சாலை டயருக்கே சரியாக இருக்கும், ஒட்டு தவறினால் அடுத்த முறைக்கு எதுவும் மிஞ்சாது. பம்பின் தாங்கியைப் பாட்டில் கேஜுக்கு அடியில் வைத்து அதே போல்ட்டுகளால் முடுக்கிவிடலாம் என்பதால் தனியாக இடம் தேட வேண்டியதில்லை.