பழைய பெர்குசனின் ‘எர்த்’ மாற்றித் தருபவர்களிடம் கவனம்

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை தயாரான சாம்பல் நிறப் பெர்குசன் உழவு இயந்திரத்தை வலிகாமத்தில் இன்னும் சிலராவது வைத்திருப்பார்கள் என்பதால் இதனை எழுதுகின்றேன். அக்காலப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றைப் போலவே இதிலும் பற்றரியின் பிளஸ் முனைதான் எர்த், அதாவது இயந்திரத்தின் இரும்பு உடலோடு இணைக்கப்படும் முனை. யாழ் நகரை அண்டிய கராஜ் ஒன்று, வர்ணம் பூசுவதற்காகக் கொடுத்த எனது இயந்திரத்தை என்னிடம் கேளாமலேயே மைனஸ் எர்த்துக்கு மாற்றிவிட்டு, அதற்கும் சேர்த்துக் கூலி அறவிட்டது.

ஸ்ராட்டர் மோட்டார் வழமைபோலச் சுழல்வதைக் காட்டி, எல்லாம் சரி என்றார்கள். அந்த மோட்டாரின் ஃபீல்ட் சுருளும் (காந்தப்புலம் தரும் நிலையான சுருள்) ஆமேச்சரும் (சுழலும் பகுதி) தொடராக இணைந்திருப்பதால், பற்றரியை எப்படிக் கொழுவினாலும் அது ஒரே பக்கந்தான் சுழலும். ஆகவே அது எதற்கும் சாட்சியல்ல. பெற்றோலில் ஒருவாறு இயங்கிய எஞ்சின், சூடேறியபின் மண்ணெண்ணெய்க்குத் திருப்பியதும் கலப்பை இறங்கும்போதெல்லாம் இடறியது. உடனே காபரேற்றரில் பழியைப் போட்டு, புதிய ஸ்பார்க் பிளக்குகளையும் விற்றார்கள்.

சுன்னாகத்தில் வயரிங் வேலை செய்யும் முதியவர் ஒருவரே பிழையைக் கண்டுபிடித்தார். பிளக் வயரின் நுனிக்கும் பிளக்கின் தலைக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, ரப்பர் கையுறையுடன் பென்சில் கூரைப் பிடித்தால், பொறியின் செம்மஞ்சள் கீற்று பிளக் பக்கமாக விரிய வேண்டும். எங்களுடையது வயர் பக்கமாக விரிந்தது. பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்து இலத்திரன்கள் இலகுவாக வெளியேறுவதால், அம்முனை மைனஸாக இருந்தால்தான் குறைந்த வோல்ற்றளவிலும் பொறி பாயும். பற்றரியைத் திருப்பியவர்கள், பிளக்குக்கு உயர் வோல்ற்றளவைத் தரும் கொயிலில் எஸ்.டபிள்யூ. (சுவிட்ச்), சி.பி. (கொன்ராக்ட் பிரேக்கர்) எனக் குறிக்கப்பட்ட இரு முனைகளின் சிறு வயர்களை இடம் மாற்றவில்லை.

பற்றரிக்கு மின்னேற்றும் டைனமோவையும் அவர்கள் தொடவில்லை. அதன் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தத்தைப் புதிய முனைக்குத் திருப்ப, மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரிலிருந்து எஃப் (ஃபீல்ட்) வயரைக் கழற்றி, பற்றரியின் எர்த் அல்லாத முனையால் ஒரு கணம் தொட்டாலே போதும். அதைச் செய்யாததால், டைனமோவைப் பற்றரியுடன் இணைத்தும் துண்டித்தும் விடும் கட்-அவுட்டின் பொயின்ற் கருகிப் போயிருந்தது. போதாக்குறைக்கு, எர்த் பட்டை இறுகும் இடத்திலும் வர்ணத்தைப் பூசி, அதன் மேலேயே போல்ற்றை முடுக்கியிருந்தார்கள். (வர்ணம் மட்டும் உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.)

கேட்டபோது, பழைய சாமான் அப்படித்தான் என்றார்கள். பற்றுச்சீட்டில் ‘வயரிங் வேலை’ என்று மட்டும் இருந்ததால் பணமும் திரும்பவில்லை. இயந்திரத்தைக் கொடுக்குமுன் பற்றரியையும் கொயிலையும் படமெடுத்து, எந்த முனை எர்த் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து வாங்குங்கள்.