போன மாச கணக்கா, போன வருஷ கணக்கா?
துணிக்கடைக்கு தீபாவளி சரக்கு எடுக்க ஈரோடு கிளம்புறதுக்கு முன்னாடி எந்த கணக்க பாக்குறது? போன மாச சேல்ஸ் பாத்தா இப்போ எந்த ரேட்டு துணி ஓடுதுன்னு தெரியும், ஆனா அது ஆடித் தள்ளுபடி மாசமா இருந்தா மொத்தமும் ஏமாத்திடும், தள்ளுபடிக்கு வித்தத டிமாண்டுன்னு நெனச்சா போச்சு. போன வருஷ கணக்கு சீசன காட்டும். அதுலயும் ஒரு வில்லங்கம், தீபாவளி 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20, அதனால அக்டோபரோட அக்டோபர ஒப்பிட்டா கணக்கு உதைக்கும், பண்டிகைக்கு முந்தின நாலு வாரத்த எடுத்துத்தான் பாக்கணும். என் ஓட்டு இந்த போன வருஷ கணக்குக்குத்தான். எந்த கலர், எந்த சைஸுங்கிறதுக்கு மட்டும் போன மாச பில்லு போதும். ஆங், 38 சைஸ் சட்ட மாசம் பாதிலயே ஸ்டாக் தீந்திருந்தா பில்லுல கம்மியாத்தான் காட்டும், ஓடலன்னு நெனச்சு விட்டுடாதீங்க.