அம்மாவுக்குக் கல்லடியில் எடுத்த இ.சி.ஜி.

போன மாதம் வேறோர் இடத்தில் எடுத்த இ.சி.ஜி. தாளைப் பார்த்து, அம்மாவுக்கு முன்பு எப்போதோ மாரடைப்பு வந்த தடம் இருக்கலாம் என்றார்கள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் டாக்டருக்குச் சந்தேகம். இன்னொரு தரம் எடுத்து வரச் சொன்னார். அப்படித்தான் மட்டக்களப்பு கல்லடியில் மாடியில் இருக்கிற இந்தச் சின்ன நிலையத்துக்குப் போனோம்.

இங்கே எடுப்பது ஒரு தங்கச்சி. கதவைச் சாத்தி, திரையை இழுத்து, போர்த்திக்கொள்ளத் துணி தந்த பிறகுதான் அம்மாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதல் இடத்தில் மேல் கொக்கி இரண்டை மட்டும் கழற்றி, எட்டிய இடத்தில் வயர்களை ஒட்டிவிட்டார்கள். பிழை அங்கேதான் நடந்திருக்கிறது.

தங்கச்சி விரலால் நெஞ்செலும்பைத் தடவிக்கொண்டே இறங்கி, ஒரு சின்ன மேட்டில் நிறுத்தினார். அதற்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலாவாம். அங்கிருந்து எண்ணி, விலாக்களுக்கு நடுவே வரும் நாலாவது இடைவெளியில் வலப்பக்கம் ஒரு வயர், இடப்பக்கம் ஒரு வயர். நாலாவது வயர் ஐந்தாம் இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே. மூன்றாவது, இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில். மற்ற இரண்டும் அதே மட்டத்தில் அக்குள் பக்கமாக. மார்பைத் தூக்க வேண்டிய இடத்தில் அம்மாவிடம் கேட்டுவிட்டு, புறங்கையால் தூக்கினார். ஜெல் பட்டதும் "குளிருது மனே" என்றார் அம்மா. "முடிஞ்சிது அம்மா."

இதயத்துக்கு நேர் முன்னால் இருக்கிற இந்த நெஞ்சுப் பரப்புக்கு மருத்துவத்தில் பிரிகோர்டியம் என்று பெயராம். முதல் இரண்டு வயரும் ஓர் இடைவெளி மேலே போனாலே, இல்லாத பழைய மாரடைப்பு தாளில் இருப்பது போலத் தெரியலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியதில் அந்தத் தடம் இல்லை.

குறை என்றால் படிதான். செங்குத்து, கைப்பிடியும் ஒரு பக்கம் மட்டும். மூட்டு வலிக்காரர் ஏறுவது கஷ்டம். 40 நிமிடம் காத்திருந்தோம். 700 ரூபா எடுத்தார்கள், அது சரி.

நெஞ்சு வலி வந்துகொண்டிருக்கும்போது இங்கே வரவேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அடித்து நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். சும்மா பரிசோதனைக்கு என்றால் வாங்க, பழைய தாளையும் மறக்காமல் கொண்டுவாங்க.