ஊரில் எடுத்த மாஸ்டர் செக்கப்: தைராய்டு ஒரு பக்கம், லிவர் இன்னொரு பக்கம்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊர் போகிறவர்கள் மாஸ்டர் செக்கப் எடுக்காமல் திரும்புவது குறைவு. சென்னை, திருச்சி, மதுரையில் லேபுக்குச் சொல்லிவைத்தால் காலையிலேயே வீட்டுக்கு ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போகிறார். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) ஒரு பக்கத்தில் இருக்கும், எஸ்ஜிபிடி என்ற லிவர் என்சைம் இன்னொரு பக்கத்தில் இருக்கும், ஸ்கேன் தாளில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்றிருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் அபூர்வம்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரல் கொழுப்பை எரிப்பது மந்தமாகிறது. ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் குறைகின்றன. கல்லீரலில் இருக்கும் பீட்டா வகைத் தைராய்டு ஏற்பியைத் தூண்டும் ரெஸ்மெடிரோம் மாத்திரைக்கு 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது கல்லீரலில் எஃப்2, எஃப்3 அளவு (நடுத்தரம் முதல் முற்றியது வரை, சிரோசிஸுக்கு முந்தைய நிலை) தழும்பு விழுந்தவர்களுக்கு. இதைக் கேட்டுவிட்டு, தைராய்டு சரியாக இருப்பவர் லிவருக்கென்று தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) போடக் கூடாது. இதயத் துடிப்பும் எலும்பும் கெடும்.

புக் செய்யும்போதே பேக்கேஜில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ‘தைராய்டு ப்ரொஃபைல்’ என்பது பல இடங்களில் மொத்த டி3, மொத்த டி4 (இரண்டும் தைராய்டு ஹார்மோன்கள்), டிஎஸ்எச் மட்டும்தான். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் மொத்த டி4 இயல்பாகவே ஏறியிருக்கும். ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பவர் ஊதா மூடிக் குழாயிலும் எடுக்கிறாரா என்று பாருங்கள். கீழே வரும் லிவர் கணக்குக்குத் தேவையான பிளேட்லெட் எண்ணிக்கை அதிலிருந்துதான் வரும். தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடலாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில இயந்திரங்களில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டும். இல்லாத ஹைப்பர் தைராய்டு (தைராய்டு அதிகமாகச் சுரப்பது) ரிப்போர்ட்டில் வந்து நிற்கும்.

அலகிலும் குழப்பம் உண்டு. டிஎஸ்எச் எண் இங்கும் அங்கும் ஒன்றேதான். ஃப்ரீ டி4 ஊரில் டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று வரும். லண்டன், டொராண்டோ டாக்டர் லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று பார்ப்பார், 12.87-ஆல் பெருக்க வேண்டும். லிவர் என்சைம்களுக்குப் பெயரே மாறும்: எஸ்ஜிஓடி என்பது ஏஎஸ்டி, எஸ்ஜிபிடி என்பது ஏஎல்டி.

ஸ்கேன் சொல்லும் கிரேடு கொழுப்பைப் பற்றியது; தழும்பைப் பற்றி அது பேசாது. தழும்புக்கு முதல் கணக்கு ஃபிப்-4: வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பிளேட்லெட் ‘2.1 லட்சம்’ என்றிருந்தால் கணக்கில் 210. வயது 52, ஏஎஸ்டி 48, ஏஎல்டி 64 என்றால் விடை 1.49. 1.3-க்குக் கீழே கவலை குறைவு (65 வயது தாண்டியவர்களுக்கு 2.0), 2.67-க்கு மேலே போனால் நிபுணர். இடையில் நின்றால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிட்டிருந்தால் இறுக்கம் கூடுதலாகக் காட்டும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

இந்தக் கணக்கில் ஆளை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தைராய்டு நன்றாகக் குறைந்தவர்களுக்குத் தசையிலிருந்தும் ஏஎஸ்டி கசியும். மேலே சொன்னவருக்கு அது 36-ஆக இறங்கினாலே ஃபிப்-4 1.11 ஆகிவிடும். டிஎஸ்எச் எகிறியிருந்தால் சிபிகே என்ற தசை என்சைமையும் பார்த்து, தைராய்டைச் சரிசெய்த பிறகு லிவர் எண்களைத் திரும்ப எடுப்பதே முறை. தைராய்டு மாத்திரை தொடங்கினாலோ அளவையோ பிராண்டையோ மாற்றினாலோ ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் நிலைக்கு வரும். லீவு அதற்குள் முடிந்துவிடும். மறுபரிசோதனையை வெளிநாட்டில் எடுக்கத் தேதி குறித்துக்கொண்டு கிளம்புங்கள். தைராய்டு மாத்திரைக்கும் ஃபில்டர் காபிக்கும் நடுவே அரை மணியாவது, கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

கடைசியாக, அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம். ‘உடம்புக்கு நல்லது’ என்று சொந்தக்காரர்கள் பெட்டியில் வைத்து அனுப்புவது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றியதும் கல்லீரலைப் பாதித்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. டிஎஸ்எச் திடீரென்று இறங்கி, கூடவே ஏஎல்டி ஏறியிருந்தால், மாத்திரை அளவைக் குறைக்கும் முன் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.