‘புதிய’ ஹார்ட் டிஸ்க் என்று சொல்லி 27,000 மணி நேரம் ஓடியதைப் பொருத்தினார்கள்: டிவி ரெக்கார்டர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

டிவி ரெக்கார்டர் பழுதாகி அதைக் கடையில் கொடுக்க நினைப்பவர்கள், குறிப்பாக மறுபடி கிடைக்காத பதிவுகளை அதில் வைத்திருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் 260 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன். பணத்தில் பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் காலமாகிவிட்ட என் தந்தை பேசிய நாற்பது நிமிடப் பதிவில் பதினொரு நிமிடம் மட்டுமே மிஞ்சியது.

2018ஆம் ஆண்டு முடிவோடு இங்கே சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, வசந்தம் உட்பட இலவச ஒளிவழிகள் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் மட்டுமே கிடைக்கும் என்ற நிலை வந்தபோது, பலரும் ஒரு சாதாரண செட்-டாப் பாக்ஸ் வாங்கிக்கொண்டார்கள். நான் சற்றுக் கூடுதலாகச் செலவழித்து, லினக்ஸில் இயங்கும் எனிக்மா2 வகை ரெக்கார்டர் ஒன்றை வாங்கி, உள்ளே ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தினேன். பெட்டியோடு வந்த மென்பொருளை எடுத்துவிட்டு தன்னார்வலர்கள் உருவாக்கிய ஓபன்ஏடிவி என்ற ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, ஏற்றித் தந்தவன் என் அக்காள் மகன். இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் பதிவு செய்யவும், பதிவுகளை வீட்டுக் கணினியிலிருந்தே பார்க்கவும் அது வசதியாக இருந்தது. 2021இல், துறைமுகத்தில் சுமை தூக்கிய பழைய தொழிலாளர்கள் சிலரைப் பேட்டி கண்டு ஒளிபரப்பியபோது, அவர்களில் ஒருவராக என் தந்தையும் பேசினார். அந்த நிகழ்ச்சி அந்தப் பெட்டியில்தான் இருந்தது. வேறு எங்கும் அதைப் படியெடுத்து வைக்கவில்லை. அது முழுக்க என் தவறு; அதற்கு யாரையும் நான் குறை சொல்லவில்லை.

இவ்வாண்டு மார்ச் மாதத்தில் கோளாறு தொடங்கியது. பதிவுகளைப் பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, சில விநாடிகள் நின்று, பிறகு ஓடியது. சில நாள்களில் பெட்டியை இயக்கியதும் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று காட்டியது. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டால் வந்துவிடும். அக்காள் மகன் அப்போது வெளிநாட்டில் வேலையில் இருந்தான். அவன் வரும்வரை பெட்டியை அணைத்து வைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது. நான் பொறுக்காமல், செட்-டாப் பாக்ஸும் ரெக்கார்டரும் பழுது பார்ப்பதாக விளம்பரம் செய்திருந்த ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தம் கணினியில் இணைத்து, திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். அதன் முதல் வரியில், வாசிப்புப் பிழை விகிதம் என்ற இடத்தில், கோடிக்கணக்கில் ஓர் எண் இருந்தது. இத்தனை கோடிப் பிழைகள் இருப்பதால் இந்த டிஸ்க் செத்துவிட்டது என்றும், நிறுவனம் தராத ஃபர்ம்வேரை ஏற்றியதே அதற்குக் காரணம் என்றும் சொன்னார். புதிய இரண்டு டெராபைட் டிஸ்க்குக்கு 150 வெள்ளி, ஃபர்ம்வேரைச் ‘சரிசெய்ய’ 70 வெள்ளி, கூலி 40 வெள்ளி என்று கணக்குச் சொன்னார். பழைய பதிவுகளைப் புதிய டிஸ்க்குக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். முயன்று பார்ப்பதாகச் சொன்னார். டிஸ்க் முற்றிலும் புதியதுதானா என்று அன்று மாலை வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, ‘பிராண்ட் நியூ’ என்று பதில் அனுப்பினார். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

அவர் காட்டிய அந்தக் கோடிக் கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே உத்தியை உங்களிடமும் ஒருவர் காட்டக்கூடும். ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. என்னுடையது சீகேட் டிஸ்க். அந்த நிறுவனத்தின் டிஸ்க்குகளில் 1ஆம் எண் வரியின் மூலக் கணக்கு, நல்ல நிலையில் இருக்கும்போதும் மிகப் பெரிய எண்ணாகவே இருக்கும்; பிழைகளை மட்டுமல்லாமல் செய்த வாசிப்புகளையும் சேர்த்துக் காட்டும் எண் அது. பார்க்க வேண்டியவை வேறு. தரவு எழுதப்படும் சிறு பகுதிக்குச் செக்டர் என்று பெயர். 5ஆம் எண் கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களையும், 197ஆம் எண் படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களையும், 198ஆம் எண் சரிசெய்ய இயலாதவற்றையும் சொல்லும். இவை சுழியமாக இருந்தால், டிஸ்க்கின் தட்டுகள் கெட்டுவிட்டன என்று யார் சொன்னாலும் உடனே நம்ப வேண்டியதில்லை. 199ஆம் எண் கூடிக்கொண்டே போனால், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில், பெரும்பாலும் சாட்டா கேபிளிலோ அதன் இணைப்பிலோ, குறை இருக்கிறது என்று பொருள். அந்த எண் ஒருபோதும் குறையாது. ஆகவே அது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இன்றைக்கும் நாளைக்கும் இடையே கூடுகிறதா என்பதே முக்கியம்.

நான்கு நாள் கழித்துப் பெட்டியை வாங்கப் போனேன். பதிவுகளை எடுக்க முடியவில்லை என்றார். பழைய டிஸ்க்கைக் கேட்டபோது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அது என் பொருள் என்றும், அதில் என் தந்தையின் பேட்டி இருக்கிறது என்றும் குரலை உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கடையிலேயே நின்றேன். அரை மணி நேரத்துக்குப் பின் உள்ளே சென்று எடுத்து வந்து கொடுத்தார். அந்த டிஸ்க்கின் வரிசை எண்ணை நான் முன்பே படம் எடுத்து வைத்திருந்ததால், அது என்னுடையதுதான் என்று உறுதி செய்ய முடிந்தது.

மூன்று வாரங்கள் பெட்டி ஒழுங்காக ஓடியது. பிறகு அதே கோளாறு, அதே கட்டம் கட்டமான படம், அதே ‘டிஸ்க் இல்லை’ என்ற அறிவிப்பு. அதற்குள் அக்காள் மகன் ஊர் திரும்பியிருந்தான். வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “டிஸ்க்கை மாற்றியும் அதே நோய் வருகிறது என்றால், நோய் டிஸ்க்கில் இருந்திருக்குமா மாமா?” என்பதுதான். பெட்டியின் லினக்ஸுக்குள் நுழைந்து ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியை ஓடவிட்டான். 199ஆம் எண் அரை மணி நேரத்துக்குள் நாற்பதுக்கு மேல் கூடியது. ஐந்து வெள்ளிக்கு ஒரு சாட்டா கேபிள் வாங்கி மாற்றினோம். அந்த எண் அன்றோடு நின்றது, அதற்குப் பிறகு நகரவில்லை.

அதே பட்டியலில்தான் மற்றொன்றும் தெரிந்தது. 9ஆம் எண், அதாவது டிஸ்க் இயங்கிய மொத்த நேரம், 27,438 மணி என்று இருந்தது. இடைவிடாமல் ஓடினாலும் அது மூன்று ஆண்டுக்கு மேல். எத்தனை முறை மின்சாரம் கொடுக்கப்பட்டது என்று சொல்லும் 12ஆம் எண் வெறும் 38. வீட்டுக் கணினியில் இருந்த டிஸ்க்காக இருந்தால் இந்த இரண்டாவது எண் ஆயிரத்தைத் தொட்டிருக்கும். இத்தனை நேரம் ஓடி, இத்தனை அரிதாக அணைக்கப்பட்டது என்றால், கண்காணிப்புக் கேமராவின் ரெக்கார்டர் போன்ற, இரவு பகலாக இயங்கும் ஏதோ ஒன்றிலிருந்து கழற்றப்பட்டது என்றே நாங்கள் கருதுகிறோம். 197ஆம் எண்ணிலும் 16 செக்டர்கள் காத்திருந்தன. தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் வரிசை எண்ணைக் கொடுத்துப் பார்த்தபோது, உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனால் மேலே ஒட்டியிருந்த தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

என்னை ஏமாற்றியவர் அந்தக் கணக்கை அழிக்கக்கூட மெனக்கெடவில்லை. அழிப்பவர்களும் இருக்கிறார்கள். 2025இன் தொடக்கத்தில், பயன்படுத்திய சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் கணக்கு சுழியமாக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டதை ஜெர்மனியின் ஹைசே செய்தித்தளம் வெளிக்கொண்டு வந்தது. அந்த டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற தனிக் குறிப்பும் இருக்கிறது. அதை மாற்றாமல் விட்டிருந்ததால்தான் உண்மையான மணி நேரம் தெரியவந்தது. ஸ்மார்ட்சிடிஎல்லின் 7.4ஆம் பதிப்பிலிருந்து அந்தக் குறிப்பையும் படிக்கலாம். சீகேட் டிஸ்க் வாங்குபவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பொருள் விற்பதில் தவறே இல்லை. 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் நானும் எத்தனையோ பழைய பொருள்கள் வாங்கியிருக்கிறேன். அங்கே தரையில் விரித்து வைத்திருந்தவர்கள் யாரும் அவற்றைப் புதியவை என்று சொன்னதில்லை.

ஃபர்ம்வேரைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து இலவசமாகத் தரும் ஒன்றின் மீது பொய்ப் பழி விழுந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எனிக்மா2 பெட்டியில் ஃபர்ம்வேர் இருப்பது போர்டிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தில். பதிவுகள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். ஃபர்ம்வேரை மாற்றுவதால் டிஸ்க்கின் தட்டில் பழுதான செக்டர் உண்டாகாது. எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோல அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பலர் வைத்திருக்கும் ஹியூமேக்ஸ் எச்டிஆர்-ஃபாக்ஸ் டி2 பெட்டியில், அத்தகைய ஃபர்ம்வேரின் கூடுதல் மென்பொருள்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்குகின்றன. அங்கே டிஸ்க்கை மாற்றினால் அவற்றை மறுபடி நிறுவ வேண்டும். அமைப்புகளைத் தவறாக வைத்தால் டிஸ்க் விரைவாகத் தேயும் என்பதும் உண்மைதான். நேரலையை எப்போதும் பின்னணியில் பதிவு செய்துகொண்டே இருக்கும் நிரந்தர டைம்ஷிஃப்ட்டைப் போட்டு வைத்தால், யாரும் எதையும் பதிவு செய்யாத நேரத்திலும் டிஸ்க் எழுதிக்கொண்டே இருக்கும். என் பெட்டியில் அது போடப்படவில்லை. கடைக்காரர் 70 வெள்ளிக்குச் செய்த ‘சரிசெய்தல்’, நிறுவனத்தின் பழைய மென்பொருளை யுஎஸ்பி வழியாக ஏற்றியதுதான். அதில் என் ஒளிவழிப் பட்டியலும் டைமர்களும் அழிந்தன.

இனி, சொல்ல வேண்டியதில் எனக்கு மிகவும் கடினமான பகுதி. பழைய டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களும் சுழியமாக இருந்தன. அது நல்ல டிஸ்க். ஆனால் அதில் என் பதிவுகள் இல்லை. எனிக்மா2 பெட்டிகள் டிஸ்க்கை வழக்கமாக இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் அமைக்கின்றன; விண்டோஸுக்கு அது தானாகப் புரியாது. அப்படிப்பட்ட டிஸ்க்கை இணைத்தால், இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். கடைக்காரர் சரி என்று அழுத்தியிருக்கிறார். அதோடு நில்லாமல், சோதனைக்கோ விற்பனைக்கோ தெரியவில்லை, முந்நூறு ஜிகாபைட் அளவுக்குத் திரைப்படங்களை அதில் எழுதியும் இருக்கிறார். ஃபார்மட் மட்டும் செய்து விட்டிருந்தால் அநேகமாக எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். மேலே எழுதப்பட்ட இடம் மீளாது.

அக்காள் மகன் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல், டிடிரெஸ்க்யூ என்ற படியெடுக்கும் கருவி கொண்டு முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுத்து, அந்தப் படியில் ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டான். ரெக்கார்டர் பதிவுகளைச் சேமிக்கும் டிஎஸ் கோப்பு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களின் வரிசை. ஒவ்வொரு பொட்டலமும் ஒரே அடையாள பைட்டோடு தொடங்கும். அதனால் தலையும் வாலும் இல்லாத துண்டுகூட ஓடும். தந்தையின் பேட்டி பதிவான அதே நேரத்தில் வேறொரு நிகழ்ச்சியும் பதிவானதால் இரண்டும் துண்டு துண்டாகக் கலந்து கிடந்தன. மூன்று இரவுகள் உட்கார்ந்து பிரித்தெடுத்ததில் பதினொரு நிமிடம் கிடைத்தது. படகிலிருந்து பலகை வழியாக மூட்டை இறக்கியதை அவர் சொல்லும் இடம் இருக்கிறது. என் தாயாரைப் பற்றிப் பேசிய இடம் இல்லை.

கடைக்குத் திரும்பிச் சென்றபோது, பெட்டியிலுள்ள ஃபர்ம்வேர் மணி நேரத்தைத் தவறாகக் காட்டுகிறது என்றார் கடைக்காரர். டிஸ்க்கை மடிக்கணினியில் இணைத்து அதே எண்ணைக் காட்டினோம். உடனே, புதுப்பிக்கப்பட்டதும் புதியதைப் போன்றதுதான் என்றார். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றே கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்பவரின் பொறுப்பு. இதைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் பணம் கேட்டேன், பதில் இல்லை. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் செய்து உதவி பெறவும் வழி உண்டு. நான் நேராகச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக விண்ணப்பித்தேன். என்னுடையதைப் போன்ற சிறு தொகைக்குப் பயனீட்டாளர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, தேவையும் இல்லை. ‘பிராண்ட் நியூ’ என்ற வாட்ஸ்அப் பதிலையும், 27,438 என்ற எண் தெரியும் படத்தையும், இரண்டு டிஸ்க்குகளின் வரிசை எண் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். சந்திப்பு நாளுக்கு முன்பே கடைக்காரர் அழைத்து, 40 வெள்ளிக் கூலியைப் பிடித்துக்கொண்டு 220 வெள்ளியைத் திருப்பித் தந்தார். அவருடைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெட்டியைக் கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். டிஸ்க்கையும் கொடுக்க நேர்ந்தால், வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, ஃபார்மட் செய்யக் கூடாது, கழற்றிய டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.

பெட்டி இப்போது மறுபடி ஓபன்ஏடிவியோடு, நாங்களே வாங்கிப் பொருத்திய டிஸ்க்கோடு ஓடுகிறது. பெட்டியில் போடுவதற்கு முன்பே அதன் மணி நேரத்தைப் பார்த்தோம், சுழியமாக இருந்தது. பழைய டிஸ்க்கை ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அக்காள் மகன் வரும் டிசம்பர் விடுமுறையில், எழுதப்படாமல் மீந்திருக்கும் பகுதியை மறுபடி ஒரு முறை தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.