பிஎஸ்சியா, மெடிக்கல் சயின்ஸா? மருத்துவத்துக்கு முந்தைய மூன்று வருடம்

தைப்பூசக் காவடி முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்து அம்மா ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு மெட்ரிக்கில் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில்) ஐந்து டிஸ்டிங்ஷன், ஆனால் மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. கையில் இரண்டு பட்டப்படிப்புக்கு அனுமதி வந்திருக்கிறது. ஒன்று சாதாரண பிஎஸ்சி, இன்னொன்று பேச்சலர் ஆஃப் மெடிக்கல் சயின்ஸ். "பேரிலேயே மெடிக்கல் இருக்கே தம்பி, அதையே எடுத்துடலாமா?" என்று கேட்டார். பதிவுக்கு நான்கு நாள்தான் பாக்கி. நின்ற இடத்தில் அவரிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் இதே கேள்வி பல வீடுகளுக்கு வருகிறது.

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். நான் குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பிஎஸ்சி படித்தவன். உயிர்வேதியியலும் வேதியியலும் என் முதன்மைப் பாடங்கள். அப்புறம் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலையின் பட்டதாரி நுழைவு வழியாக மருத்துவத்தில் சேர்ந்து, இப்போது கடைசி வருடத்தில் வார்டு வார்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் என் மனசு பிஎஸ்சி பக்கம்தான் சாயும். ஏன் என்பதைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் மெட்ரிக் முடித்த கையோடு நேராகச் சேர்கிற, பெரும்பாலும் ஆறு வருடப் படிப்பு. அந்த வாசல் திறக்காதவர்களுக்கு இன்னொரு வாசல், ஒரு பட்டம் முடித்துவிட்டு வருவது. விட்ஸில் பட்டதாரிகளை நேரே மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். மூன்று வருடப் பட்டம், அதற்கு மேல் நான்கு வருடம் என்று ஏழு வருடக் கணக்கு. நேராகச் சேர்ந்தவனைவிட ஒரே ஒரு வருடம்தான் கூடுதல். ஆனால் பட்டம் இருந்தால் மட்டும் போதாது. முதலாண்டு அளவிலான உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறியிருக்க வேண்டும். அதன்பிறகு ஒரு நுழைவுத் தேர்வும் உண்டு.

இரண்டு பட்டங்களுக்கும் பொதுவானவற்றில் நேரம் செலவிட வேண்டாம். இரண்டும் மூன்று வருடம். இரண்டிலும் உயிரியல் வரும், கொஞ்சம் புள்ளியியல் வரும். நான் படித்த காலத்தில் ஒரு மாட்யூலுக்கு, அதாவது ஓர் அரையாண்டுப் பாடத்துக்கு, 16 கிரெடிட், வருடத்துக்கு எட்டு மாட்யூல். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அப்படியானால் ஒரு மாட்யூல் 160 மணி நேரம். இந்த எண்ணை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மெடிக்கல் சயின்ஸ் பட்டத்தின் கவர்ச்சி எனக்கும் புரியும். இரண்டாம் வருடத்திலேயே உடற்கூறியல், உடலியங்கியல் என்று இறங்கிவிடலாம். எலும்பைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஃபார்மலின் நெடி சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். மருத்துவக் கல்லூரி வாசலில் பாதிக் கால் வைத்த மாதிரி இருக்கும். என்னோடு மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் அந்தப் பட்டம் முடித்தவர்கள் முதல் சில மாதம் எங்களைவிட வெகுதூரம் முன்னால் இருந்தார்கள். தோள்பட்டை நரம்புப் பின்னலை நான் வாரக்கணக்கில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த தோழி கேன்டீன் காகிதக் கைக்குட்டையில் இரண்டு நிமிடத்தில் வரைந்து காட்டினாள். அந்த முன்னிலை உண்மைதான்.

ஆனால் அது எவ்வளவு நாள் நின்றது? முதல் வருட முடிவில் நாங்கள் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டோம். காரணம் எளிது. உடற்கூறியலை மருத்துவத்தில் எல்லோருக்கும் மறுபடி சொல்லித்தருகிறார்கள். மூன்றாம் ஆண்டில் நேரே சேர்ந்த பட்டதாரிகளுக்கு வேதியியலையும் இயற்பியலையும் யாரும் அடியிலிருந்து சொல்லித்தருவதில்லை. அது உனக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் வகுப்பே ஆரம்பிக்கிறது. நான் பிஎஸ்சி பக்கம் சாய்வது இந்த ஒரே காரணத்தால்தான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். சீழ்க்கட்டியைக் கீறும் முன் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போடுவார்கள். நல்ல தசையில் கச்சிதமாக வேலை செய்கிற மருந்து, சீழ் பிடித்த இடத்தில் சரியாக வேலை செய்யாது. நோயாளி துடிப்பார். ஏன்? லிக்னோகெய்ன் ஒரு பலவீனமான காரம். அதன் பிகேஏ மதிப்பு, அதாவது மருந்தில் பாதி மின்னூட்டமில்லாமல் இருக்கும் பிஎச் (அமில-கார அளவு), சுமார் 7.9. உடம்பின் சாதாரண பிஎச் 7.4-ல், மருந்தில் ஏறக்குறைய கால் பங்கு மின்னூட்டமில்லாமல் இருக்கும். நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போகிறது அந்தக் கால் பங்குதான். சீழ் உள்ள இடம் அமிலத்தன்மை கொண்டது. பிஎச் 6.9-க்கு இறங்கினால் அந்தக் கால் பங்கு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இதை விரிவுரையாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த மருந்துக்குப் போய்விட்டார். முதலாண்டில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டில் நிறம் மாறுவதைக் கண் இமைக்காமல் பார்த்தவனுக்கு அந்த ஒரு வரி போதும். மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் பரீட்சைவரை வரும். வேறொரு மருந்து, வேறொரு நோயாளி என்று வரும்போது கைவிட்டுவிடும்.

இயற்பியலும் அப்படித்தான். ரத்தம் கொட்டிக்கொண்டு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்தார். ரத்தக்குழாயில் திரவம் ஏற்ற நான் கைக்கு எட்டிய பிங்க் நிற ஊசியை எடுத்தேன். மூத்த சிஸ்டர் ஒருவர் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, சாம்பல் நிறத்தை நீட்டினார். பருமனான ஊசி அது. திரவம் குழாயில் ஓடும் வேகம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகக் குறையாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். நீளம் கூடினாலும் ஓட்டம் குறையும். அதனால்தான் உயிர் ஊசலாடும்போது குட்டையும் பருமனுமான ஊசியைத் தேடுகிறார்கள். வெஸ்ட்வில் லேபில் கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டு, "இது எனக்கு எதுக்கு?" என்று முணுமுணுத்த அதே பாடம். சுருங்கிப்போன ரத்தக்குழாய், மூச்சுக்குழல் வீங்கிய குழந்தை, எல்லாவற்றிலும் அதே கணக்கு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

சரி, மெடிக்கல் சயின்ஸ் பட்டத்தில் இயற்பியலே கிடையாதா? அப்படியில்லை. பல்கலைக்குப் பல்கலை மாறும். சில இடத்தில் கட்டாயம், சில இடத்தில் விருப்பப் பாடம். ஆபத்து அந்த விருப்பப் பாடத்தில்தான் இருக்கிறது.

என் சித்தப்பா மகள் கதை இது. வேறொரு பல்கலையில் மெடிக்கல் சயின்ஸ் சேர்ந்தாள். முதலாண்டில் ஒரு கட்டத்தில் இயற்பியல் அல்லது உளவியல் என்று இருந்தது. மெட்ரிக்கில் பிசிக்கல் சயின்ஸ் (இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பாடம்) தாளில் பட்ட பாடு போதும் என்று உளவியலில் டிக் போட்டாள். நல்ல மதிப்பெண்ணோடு பட்டமும் வாங்கினாள். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கப் போன அன்றுதான் தகுதிப் பட்டியலில் இயற்பியல் இருப்பதைப் பார்த்தாள். பட்டத்தில் சேராத தனி மாணவியாகத் திரும்பிப் போய், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு அரையாண்டு இயற்பியல் படித்தாள். பகலில் ஒரு மருந்துக்கடை கவுன்டரில் வேலை, சம்பளம் அப்படியே கட்டணத்துக்கு. "ஒரு டிக் மார்க்குக்கு ஒரு வருஷம் அண்ணா," என்று போனில் சொன்னபோது அவள் குரல் உடைந்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முதலாண்டிலேயே மாட்யூலுக்கு அந்த 160 மணி நேரத்தைக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். இப்போது மருத்துவத்தில் எனக்கு ஒரு வருடம் பின்னால் நன்றாகப் படிக்கிறாள். உடற்கூறியலில் என்னைவிடக் கெட்டி.

வெளிநாடு போகிற எண்ணம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெர்த்தில் மாமா வீடு இருக்கிறது என்று சொல்கிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய. ஆஸ்திரேலியாவின் பட்டதாரி மருத்துவ நுழைவுக்கான கேம்சாட் தேர்வில், அறிவியல் பகுதியில் வேதியியலும் உயிரியலும் தலா 40 சதவீதம், இயற்பியல் 20 சதவீதம். உடற்கூறியலுக்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணும் இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவும் வழக்கமாகக் கேட்பது உயிரியல் ஒரு வருடம், பொது வேதியியல் ஒரு வருடம், கரிம வேதியியல், இயற்பியல் ஒரு வருடம். அதுவும் லேபோடு சேர்த்து. 2015-ல் அங்குள்ள மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டை மாற்றி அமைத்ததிலிருந்து உயிர்வேதியியலும் உளவியலும் சமூகவியலும் கூடச் சேர்ந்துகொண்டன. இந்தப் பட்டியலை உயிர்வேதியியலும் வேதியியலும் எடுத்த பிஎஸ்சி ஏறக்குறைய முழுதாக நிரப்பிவிடும்.

இனி பிஎஸ்சியின் குறையையும் சொல்ல வேண்டும். அது மதிப்பெண்ணை இறக்கும். இரண்டாம் ஆண்டுக் கரிம வேதியியலில் எனக்கு 54 தான் வந்தது. அந்த ஒரு எண் என் சராசரியைக் கடைசிவரை கீழே இழுத்தது. சேர்க்கையில் பட்ட மதிப்பெண்ணுக்குப் பெரிய எடை இருப்பதால், மெடிக்கல் சயின்ஸில் எண்பதுகளில் இருக்கக்கூடிய பிள்ளை பிஎஸ்சியில் அறுபதுகளில் நின்றால் அது நஷ்டம்தான். மெட்ரிக்கில் பிசிக்கல் சயின்ஸ் உயிரை எடுத்தது என்று சொல்கிற பிள்ளைக்கு, கரிம வேதியியலை முதன்மைப் பாடமாக எடு என்று நான் சொல்ல மாட்டேன். மெடிக்கல் சயின்ஸே எடுக்கட்டும், ஆனால் முதலாண்டு இயற்பியலும் வேதியியலும் கட்டாயம் அதற்குள் இருக்கட்டும்.

மருத்துவம் கடைசிவரை கிடைக்காமலே போனால்? அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. பேரில் மெடிக்கல் இருந்தாலும், அந்த மூன்று வருடப் பட்டத்தை மட்டும் வைத்து, மருத்துவத் துறைத் தொழில்களுக்கான கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏவில் பதிவு வாங்க முடியாது. ஹானர்ஸ், ஆராய்ச்சி என்று மேலே போக வேண்டும். வேதியியல் பிஎஸ்சி இருந்தால் ஒரு வருட ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளியில் பிசிக்கல் சயின்ஸ் சொல்லித்தரலாம், பெயின்ட் ஆலை, கரும்பாலை லேபுகளுக்கும் போகலாம். என்னோடு படித்த இரண்டு பேர் இன்று டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் ஆசிரியர்கள்.

மூன்றாவதாக பார்மசி படித்துவிட்டு வருகிற வழியையும் சிலர் கேட்கிறார்கள். நான்கு வருடம், அதன்பின் ஒரு வருடப் பயிற்சி, ஒரு வருடச் சமூக சேவை. வேதியியல் அடித்தளம் உறுதியாக இருக்கும், கையில் ஒரு தொழிலும் இருக்கும். ஆனால் நான் அருகிலிருந்து பார்த்தது இரண்டே பேரைத்தான். ஒருவர் மருத்துவத்துக்கு வந்தார், இன்னொருவர் சம்பளம் வர ஆரம்பித்ததும் அங்கேயே தங்கிவிட்டார். இதை வைத்து அழுத்தமாக எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று. அரசின் மாணவர் நிதியான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவி முதல் பட்டத்துக்குத்தான். பட்டம் முடித்து மருத்துவம் சேரும்போது அது இரண்டாவது பட்டம், அந்த உதவி தொடராது. எங்கள் வீட்டில் அப்பா ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்தார், மீதிக்கு வங்கிக் கடன். இந்தக் கணக்கை முதல் பட்டத்தில் சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அந்த அம்மாவின் மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள், காவடி எடுத்த அண்ணனின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. போனில் இரண்டு படிப்புகளின் முதலாண்டு மாட்யூல் பட்டியலையும் திறக்கச் சொன்னேன். பிஎஸ்சியில் இரண்டு வேதியியல், இரண்டு இயற்பியல். மற்றதில் இயற்பியல் இருந்தது, ஆனால் விருப்பப் பாட வரிசையில். "நான் அதை டிக் பண்ணா ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?" என்று கேட்டாள். முதலாண்டைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்றேன். இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியலா, உடற்கூறியலா என்பது அவள் எடுக்க வேண்டிய முடிவு.

எதில் சேர்ந்தாலும், சேர்ந்த வருடத்துக் கைநூலையும் ஒவ்வொரு மாட்யூலின் பாடத்திட்டத்தையும் போனில் இல்லாமல் வேறு எங்காவது பத்திரமாகச் சேமித்து வைக்கச் சொன்னேன். நான் விண்ணப்பித்தபோது என் முதலாண்டு இயற்பியலில் என்னென்ன படித்தேன், எத்தனை லேப் என்று எழுத்தில் கேட்டார்கள். அந்த மாட்யூலின் பெயரும் எண்ணும் அதற்குள் மாறிவிட்டிருந்தது. பழைய கைநூல் அம்மாவின் பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் கிடைத்தது.