கும்பகோணம் பக்கம் கடை வாடகைக்குப் பிடிக்கிறவர்கள் கவனத்துக்கு: ₹1,85,000 போச்சு

சூடு ஆறும் முன்னாடி எழுதிவிடுகிறேன். மாவு மில் வைக்க ஒரு கடை பிடித்தேன். அதற்கு அப்ரூவல் வாங்கித் தருவதாக 65,000 வாங்கிய ஆபீஸ்காரர்கள், நேற்று சாயந்திரம்தான் "அது ஆலோசனைக் கட்டணம் சார், ரிட்டர்ன் கிடையாது" என்று கையை விரித்தார்கள். கட்டட ஓனருக்கு அட்வான்ஸ் 90,000, புரோக்கர் கமிஷன் 9,000, "அப்ரூவல் செலவு" என்று 65,000, மோட்டார் உட்கார வைக்கக் கான்கிரீட் பெட் போட்ட வகையில் 21,000. கூட்டிப் பாருங்கள், 1,85,000. மாவு மில் ஒரு நாள்கூட ஓடவில்லை. கடை பிடிக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பத்துப் பாயிண்ட் எழுதுவதாக வியாபாரிகள் குழுவில் சொல்லியிருந்தேன். கோபத்தில் எந்த வரிசையில் வருகிறதோ அப்படியே வரும்.

செயலியின் பெயரோ ஆபீஸின் பெயரோ போடவில்லை. வீடு, கடை வாடகைக்குக் காட்டுகிற செயலி ஒன்று. அதில் "வணிகப் பயன்பாடு, சரிபார்க்கப்பட்டது" என்று பச்சை டிக். அழைத்தால் பேசுவது அப்ரூவல் வாங்கித் தருகிற ஒரு தனியார் ஆபீஸ். நேரில் வந்த தம்பி நீல ஃபைலைத் திறந்து, "அண்ணே, இது மாஸ்டர் பிளான்லயே கமர்ஷியல். நாளைக்கே பூஜை போடலாம்" என்று முழுமைத் திட்ட வரைபடத்தின் ஜெராக்ஸைக் காட்டினார். இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். அந்த வட்டத்தில்தான் விழுந்தேன்.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று காட்டுகிற அந்த வரைபடத்தில் விஷயமே நிறம்தான். குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், பொது நிறுவனம் சிவப்பு, வயல் பச்சை. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் மஞ்சள் வெளுத்துவிடும், நீலமும் சிவப்பும் ஒரே சாம்பல். வட்டத்துக்குள் சாம்பல் இருந்தது நிஜம். ஆனால் அது மெயின் ரோட்டை ஒட்டிய முதல் மனை. நான் பிடித்தது அதற்குப் பின்னால், வேறு சர்வே எண். தெருப் பெயரை வைத்து யாரும் வகைப்பாடு சொல்ல மாட்டார்கள். வார்டு, பிளாக், நகர அளவை எண், உட்பிரிவு வரைக்கும் பார்த்துத்தான் சொல்வார்கள். உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் அந்த எண்ணைச் சொன்னதும் எழுத்தர் நிமிடத்தில் மஞ்சள் என்று காட்டிவிட்டார். முன்னாலேயே போயிருந்தால் 1,85,000 பையில் இருந்திருக்கும்.

"குடியிருப்புத் தெருவிலும் மளிகைக் கடை, பால் பூத், தையல் கடை எல்லாம் நடக்கிறதே" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அன்றாடத் தேவைக்கான சின்னக் கடைகளைக் குடியிருப்பிலும் விடுகிறது. ஆனால் தரைப்பரப்புக்கு ஒரு வரம்பு, மோட்டார் குதிரைத்திறனுக்கு ஒரு வரம்பு. மிளகாயும் மல்லியும் அரைக்க நான் வைக்கவிருந்தது 10 எச்.பி., மும்முனை இணைப்பு. அங்கே அது எடுபடவில்லை. "கடை வைக்கலாமா" என்று கேட்டால் வைக்கலாம் என்றுதான் பதில் வரும். என்ன கடை, எத்தனை சதுர மீட்டர், எத்தனை எச்.பி. என்று கேளுங்கள்.

சரி, நிலம் நீலமாகவே இருந்தாலும் கட்டடம் தனிக் கதை. ஓனர் காட்டிய அனுமதி சுயசான்று முறையில் எடுத்தது. 2024 ஜூலையில் வந்த திட்டம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி. யாரும் முன்கூட்டிப் பார்வையிட வருவதில்லை, ஆன்லைனில் உடனே கிடைக்கும். நல்ல திட்டம்தான், ஆனால் வீட்டுக்கு மட்டும். அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஷட்டர் போட்டு எனக்கு வாடகைக்கு விட்ட அந்த முன்பக்க அறை, "கார் நிறுத்துமிடம்". காருக்கு ஷட்டர் போட்டால் கடை ஆகிவிடுமா? வீட்டைக் கடையாக்கப் பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் நடத்தினால் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு போட்டால் போதும். தூளும் நெடியும் வரப்போகிற மில்லுக்கு மனு வராமல் இருக்குமா, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மாநகராட்சியில் தொழில் உரிமம் கேட்கப் போனபோதுதான் இதெல்லாம் வெளியே வந்தது. உடனே அந்தத் தம்பிக்குப் போன். "டென்ஷன் ஆகாதீங்கண்ணே, பதினஞ்சு நாள்ல நில உபயோகத்த மாத்திடலாம்." அதற்குத்தான் 65,000. அதே 1971 சட்டத்தின் 32ஆம் பிரிவில் நில உபயோக மாற்றம் (மஞ்சளை நீலமாக்குவது) என்றால் திட்டக் குழுமத்தில் மனு, மாநகராட்சி மன்றத் தீர்மானம், ஆட்சேபணை கேட்டுப் பத்திரிகை விளம்பரம், நகர் ஊரமைப்பு இயக்குநர் பரிந்துரை, அரசு ஆணை, அரசிதழ் என்று போகும். மாதக் கணக்கு. பதினைந்து நாளில் தாளை ஃபைலில் கோக்கக்கூட முடியாது.

அப்புறம் சாக்குகள். முதல் வாரம் "ஃபைல் டேபிள்ல இருக்குண்ணே". அடுத்த வாரம் "ஆபீஸர் லீவு". "ஆடி கழியட்டும்ண்ணே, ஆவணில ஆர்டர் கையில" என்றும் ஒரு நாள். மனு எண்ணைக் கேட்டால் போனை வைத்துவிடுவார். மனுவே போடவில்லை என்பது, இந்த அனுமதி மனுக்களைப் போடுகிற அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் தேடியபோது தெரிந்தது. செயலியில் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். எது தீர்ந்தது? என் 1,85,000தான் தீர்ந்தது. அதே கடை இன்று காலையிலும் செயலியில் இருக்கிறது, அதே பச்சை டிக், வாடகை மட்டும் 500 கூடியிருக்கிறது.

இன்னொன்று, இதற்கு முன் தாராசுரத்தில் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு காலி மனையைக் காட்டி, "ஷெட் போட்டுக்கலாம்" என்றார்கள். அந்தக் கோயில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். அப்படிப்பட்ட நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வேண்டும். அதில் தப்பித்தது தற்செயல்.

பாயிண்டுகளுக்கு வருகிறேன். அவசரத்தில் சிலதுதான்.

சொத்து வரி ரசீது, பழைய வாடகைதாரரின் தொழில் வரி ரசீது, கரண்ட் கார்டு மூன்றையும் காட்டி "எல்லாம் கிளியர்" என்பார்கள். மூன்றும் அனுமதி ஆகாது. தொழில் வரி வேறு, தொழில் உரிமம் வேறு. கரண்ட் கார்டில் கட்டண வகை 1ஏ என்றிருந்தால் அது வீட்டு இணைப்பு. அதில் கடை நடத்திப் பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு.

இந்த ஊரில் மனை கோயிலுடையதா, மடத்துடையதா, அடிமனை வாடகை (கட்டடம் நிற்கிற நிலத்துக்கான வாடகை) யார் கட்டுகிறார் என்று கேளுங்கள். பின்பக்கம் சுவரை ஒட்டி வாய்க்கால் ஓடினால் புலப்படம் (அந்தச் சர்வே எண்ணின் எல்லை அளவு வரைபடம்) எடுத்து, கட்டடம் வாய்க்கால் புறம்போக்கில் ஏறியிருக்கிறதா பாருங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது 2017 வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து போட்டிருந்தால் தவிர. நான் போட்டிருக்கிறேன்.

அரசுக் கட்டணம் தனியார் கணக்குக்கு ஜிபேயில் போகாது. மனு எண் இல்லாமல் ஐந்து பைசா கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை என்று தட்டிக் கழிப்பார்கள். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மீதி பாயிண்ட் இன்னொரு நாள். கான்கிரீட் பெட்டை உடைத்து எடுத்தால்தான் அட்வான்ஸைப் பற்றியே பேசுவேன் என்று ஓனர் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார், அதற்கு ஆள் பார்க்கப் போகிறேன்.